உமையாளை எங்கே சேர்ப்பது

5-12-68, வியாழன்

காலையில் எழுந்ததும் முதல் வேலை, கோடி வேட்டியை எடுத்து இழை உருவியது. நேற்றுத்தான் கார்த்திகை. இன்று தொடங்கிப் பிள்ளையார் நோன்பு வரைக்கும் தினமும் புது வேட்டியிலிருந்து ஆளுக்கோர் இழை. நோன்பன்று அத்தனையும் திரியாகும். வெளியே தூறல். நேற்று வைத்த அகல்களில் தண்ணீர் தேங்கித் திரி மிதக்கிறது. வளவு முற்றத்தில் கால் வைத்தால் கல் ஜில்லென்று ஏறுகிறது.

உருவியது என்று எழுதிவிட்டேன். உருவியது நான் இல்லை, உமை. வெள்ளைத் துணியில் வெள்ளை நூல், எனக்கு முனை தெரியவில்லை. கண்ணருகே கொண்டுவந்தேன். கையை நீட்டிப் பிடித்தேன். நகத்தால் தடவினேன்.

"தள்ளு ஆத்தா. நீ தடவுறதுக்குள்ள நோன்பே வந்துரும்."

பத்து வயது. வாய் நாற்பது.

இந்த மாதம் முடிக்க வேண்டியவை:
உமை பள்ளி.
மேல்மாடி ஒழுகல், கொத்தனாருக்குச் சொல்லி அனுப்ப.
நோன்புக்கு மாவு இடிக்க. கருப்பட்டி போன வருஷம் மாதிரி மண் இல்லாமல்.
என் மூக்குக்கண்ணாடி (இரண்டு வருஷமாக இந்தப் பட்டியலின் கடைசியில்).

மலேயாவில் ஈப்போவிலிருந்து என் வீட்டுக்காரர் கடிதம். கடைக் கணக்கு, மழை, இடுப்பு வலி. கடைசியில் ஒரு வரி: "உமை பள்ளி விஷயம் உன் இஷ்டம். நீ படித்தவள்." நீ படித்தவள் என்பது இந்த வீட்டில் பாராட்டா, கைகழுவலா, கல்யாணம் ஆன நாளாக எனக்குப் புரியவில்லை.

ஐந்தாவது முடிக்கிறாள். ஜூனில் ஆறாவது. ஒன்று, இங்கேயே பெண்கள் பள்ளி, மூன்று தெரு தள்ளி. அல்லது மதுரையில் சிஸ்டர்கள் நடத்தும் பள்ளி, விடுதியோடு. மதுரைப் பள்ளிக்கு அடுத்த வார வெள்ளிக்கிழமை பரீட்சை. எழுதிப் பார்க்கட்டும் என்றுதான் பதிந்து வைத்தேன்.


8-12, ஞாயிறு

மழை விட்டது. போர்வைகள் காயப்போட்டோம்.

வள்ளியம்மை ஆச்சியைப் பார்க்கத் தேவகோட்டையிலிருந்து அவருடைய சித்தாத்தா மகள் வந்திருந்தார். ஆச்சி என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. ஒரே வீடு, ஒரே வளவு, அடுப்பு மட்டும் வேறு வேறு. நான் சாமான் அறைக்குள் இருந்தேன். நான் உள்ளே இருப்பது அவர்களுக்குத் தெரியாது. அல்லது நன்றாகத் தெரியும்.

"மதுரையிலயா? விடுதியிலயா? ஏன், காரைக்குடியில பள்ளிக்கூடம் இடிஞ்சு விழுந்துருச்சாக்கும்?" என்றார் வந்தவர்.

"அவ பி.ஏ. படிச்சவ. மகளை எம்.ஏ. ஆக்கப் போறா."

"ஆக்கட்டும். அப்புறம் மாப்பிள்ளைய எங்குட்டுப் போயித் தேடுவீக?"

"அதுக்கென்ன, அவனும் ஏதாச்சும் விடுதியிலதான் கெடப்பான். சோத்துக்கு வரிசையில நிக்கயில புடிச்சுக்கிற வேண்டியதுதான்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஒரு தூக்குவாளியைக் கையில் வைத்துக்கொண்டு இருட்டுக்குள் நானும் சிரித்தேன். ஆச்சி கேலி பேசினால் சிரிக்காமல் இருப்பது கஷ்டம்.

பிறகு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். உமை பிறந்த வருஷத்திலிருந்து இந்த அறையில் அவள் கல்யாணத்துக்குச் சேர்க்கிறேன். பித்தளை, வெண்கலம், எனாமல் அடுக்கு, எவர்சில்வர், கண்ணாடிச் சாமான், கோரைப்பாய்ச் சுருள்கள். நான் மட்டுமா, ஊரில் எல்லா ஆத்தாளும். பெண் நடக்கும் முன்னால் அவள் அண்டா நிற்க ஆரம்பித்துவிடும். மதுரைப் பள்ளியிலிருந்து வந்த தாளில் கேட்டிருப்பவை: பெயர் எழுதிய பெட்டி ஒன்று, தட்டு ஒன்று, டம்ளர் ஒன்று, படுக்கை விரிப்பு இரண்டு. இத்தனை அடுக்கில் அவள் கையோடு போகக்கூடியது ஒரு தட்டும் ஒரு டம்ளரும்.

ராத்திரிக்கு இடியாப்பம். உமை சொதியை மட்டும் குடித்தாள்.


10-12, செவ்வாய்

காலை உள்ளூர்ப் பள்ளி. உமையையும் அழைத்துப் போனேன். நல்ல வெயில். பச்சைக் கரைத் தாவணிகள் கொடியில் காய்கிற மாதிரி வரிசையாகப் பிரேயருக்கு நின்ற பெண்கள். உமைக்கு மிகவும் பிடித்தது அங்கே உள்ள கிணறு. எட்டிப் பார்த்துக் கூப்பிட்டுவிட்டு வந்தாள். "ரெண்டு தரம் திருப்பிச் சொல்லுது ஆத்தா!"

தலைமை ஆசிரியை நல்ல மாதிரி. பூசி மெழுகவில்லை. தமிழ் நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். தையல், பாட்டு நன்றாக. விஞ்ஞானத்துக்கு ஒரு கண்ணாடி அலமாரி. பூட்டியிருந்தது. சாவி யாரிடம் என்று அவர் இரண்டு பேரைக் கேட்டார். கடைசியில் கண்ணாடி வழியாகவே பார்த்துக்கொண்டோம்.

"எட்டாவதோட பாதிப் பேரு நின்னுருவாக. வயசுக்கு வந்துட்டாக் கூட்டிக்கிட்டுப் போயிருவாக. மேல் வகுப்புக்குக் கணக்கு டீச்சர் வாராக, ஒரு வருஷம் இருக்காக, கல்யாணம் ஆகிப் போயிர்றாக. நான் என்னத்தச் சொல்ல?"

அப்புறம், "நீங்க பி.ஏ.ன்னு சொன்னாக. நீங்களே வந்தா என்ன? மகளையும் கண்ணுக்கு முன்னால வச்சுக்கலாம்."

கேலிக்குச் சொல்கிறாரோ என்று பார்த்தேன். இல்லை.

திரும்பி வரும்போது நடை வேகமாக இருந்தது. உமை ஓடி வர வேண்டியிருந்தது. நாற்பத்து மூன்று வயதில் எனக்கு ஒரு வேலை. காலையில் இரண்டு பேரும் சேர்ந்து புறப்படுவது. ஒரே டிபன் கேரியர், மேல் அடுக்கு அவளுக்கு. அவள் வகுப்புக்குள்ளேயே நான் நுழைவது, அவள் மற்றப் பெண்களோடு எழுந்து நிற்பது. மூன்று தெருவும் முடிவதற்குள் இத்தனையும் யோசித்துவிட்டேன். இதில் உமைக்கு என்ன படிப்பு என்று மட்டும் யோசிக்கவில்லை.

மாலை ரவிக்கைக்குக் கொக்கி தைத்தேன். உமை நூல் கோத்துத் தந்தாள். எச்சில் தொட்டு ஒரே தடவை.


13-12, வெள்ளி

மதுரை. முதல் பஸ். துணைக்குப் பெரியவர், ஆச்சியின் வீட்டுக்காரர், உமைக்குப் பெரியப்பச்சி. ஆச்சி விடிவதற்கு முன்பே எழுந்து எங்களுக்குக் கட்டுச்சோறு கட்டியிருந்தார். கேலி செய்த அதே ஆச்சிதான். உமை தலையில் எண்ணெய் வழிய வழியப் பின்னிவிட்டதும் அவரே. "நல்லா எழுதணும். தெரியாட்டி எழுந்திரிச்சு வந்துரு. நம்ம வீட்டுல சோத்துக்கா பஞ்சம்?"

வாசல் பெருக்குகிற கருப்பாயி எதிரே வரக்கூடாதென்று குடத்தோடு சந்துக்குள் ஒதுங்கி நின்றது. அப்புறம் தண்ணீர்க் குடம் நல்ல சகுனம் என்று நினைவு வந்து ஓடி வந்து எதிரே நின்றது. "இப்பப் போங்க ஆச்சி!" அதற்கு நானும் ஆச்சிதான்.

பள்ளி பெரியது. வாகை மரங்கள். உமையை உள்ளே கூட்டிப் போனார்கள். பெற்றோர் வராந்தா பெஞ்சில். பெரியவர் மரத்தடியில் பேப்பரை விரித்தார், ஒரு பக்கமும் புரட்டவில்லை.

பரீட்சை முடிந்து விடுதியைக் காட்டினார்கள். நீள அறை, இரண்டு பக்கமும் கட்டில், ஒவ்வொரு கட்டிலுக்கடியிலும் ஒரு பெட்டி. எனக்கு என் சென்னை விடுதி வாசனை அடித்தது. பினாயிலும் ஈரத் துண்டும். உமை ஒரு கொசுவலையைத் தொட்டுப் பார்த்தாள்.

அப்புறம் விஞ்ஞான அறை. மேல் வகுப்புப் பெண் ஒருத்தி மைக்ராஸ்கோப் வைத்துக்கொண்டிருந்தாள். "பாக்குறியா?" என்றாள் உமையிடம். உமை தன் பாவாடை ஓரத்தில் தொங்கிய நூலைப் பிய்த்துக் கொடுத்தாள். குனிந்தாள். நிமிரவே இல்லை. பின்னால் வந்தவர்கள் காத்து நின்றார்கள்.

"ஆத்தா, நூலு நூலா இல்லை! தேர் இழுக்குற வடம் மாதிரி இருக்கு! முடி முடியா நீட்டிக்கிட்டு!"

நானும் குனிந்து பார்த்தேன். எனக்கு முதலில் என் இமைதான் தெரிந்தது. பிறகு தெரிந்தது. வடம்தான்.

தலைமைச் சிஸ்டர் என்னைத் தனியாக அழைத்தார். வயதானவர். திருத்தமாகத் தமிழ் பேசுகிறார். "உங்கள் மகளிடம், இங்கே வந்து தங்குவாயா என்று கேட்டேன். தங்குவேன், ஆனால் எங்கள் ஆத்தாவுக்கு ஊசியில் நூல் கோக்க ஆள் வேண்டும் என்றாள். எத்தனையோ பிள்ளைகள் எத்தனையோ காரணம் சொல்லியிருக்கிறார்கள். இது புதியது." சிரித்தார். நானும் சிரித்தேன். வெளியே வந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன், வியர்வையைத் துடைக்கிற மாதிரி.

மேலூரில் பஸ் நின்றபோது பெரியவர் இறங்கிப் போய்க் கொய்யாப்பழம் வாங்கி வந்தார். அதுவரை உமை ஓயாமல் மைக்ராஸ்கோப். ஈ இறகு வைத்தால் எப்படி இருக்கும். உப்பு வைத்தால். பெரியப்பச்சி மீசை முடி வைத்தால். அவர் மீசையைத் தடவிக்கொண்டார். பாதிப் பேச்சில் என் முகத்தைப் பார்த்தாள். நான் என்ன முகம் வைத்திருந்தேனோ. அப்படியே நிறுத்திவிட்டாள்.

குன்றக்குடி தாண்டும்வரை கொய்யாவைக் கடித்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.


14-12, சனி

கால் வீக்கம். வெந்நீர் ஒத்தடம்.

உமை, இழை உருவிக்கொண்டே, கேட்காமலே: "எனக்கு நம்மூருப் பள்ளிக்கூடந்தான் புடிச்சிருக்கு."

"ஏன்?"

"கிணறு இருக்குல்ல."

"மதுரையில மைக்ராஸ்கோப் இருந்துச்சே?"

"அது ஒண்ணுதானே இருந்துச்சு. அதுக்கு எத்தனை பேரு."

நியாயமான பதில். அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்காமல் விட்டது எனக்குச் சௌகரியமாக இருந்தது.


16-12, திங்கள்

மார்கழி பிறந்தது. குளிர். கோலத்துக்கு நடுவே பூசணிப்பூ வைக்க உமை. ஆச்சி கோலம் பெரிது, என் கோலம் சிறிது. வழக்கம் போல் ஆச்சி என் கோலத்தைப் பார்த்து "இது என்ன, பி.ஏ. கையெழுத்தா?"

கொத்தனார் வந்து பார்த்துவிட்டு, ஓடு நாலு மாற்ற வேண்டும், தை பிறக்கட்டும் என்று போனார்.

நாள் முழுவதும் யோசனை. இங்கேயே இருந்தால்:
கண்ணுக்கு முன்னால்.
நானும் பள்ளிக்கு.
காய்ச்சல் வந்தால் நான் இருப்பேன்.
எட்டாவதுக்குப் பிறகு? தெரியவில்லை.
அலமாரிச் சாவி? தெரியவில்லை.

அங்கே போனால்:
படிப்பு நிச்சயம்.
சினேகிதிகள். எனக்கு அப்படிக் கிடைத்தவர்கள் இன்னும் கடிதம் போடுகிறார்கள்.
பயந்தால் யாரிடம் போவாள்?

இந்த வளவில் எங்கள் அறை, எங்கள் அடுப்படி, நானும் அவளும். அவர் வருவது மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை. உமை போய்விட்டால் ஒரு ஆளுக்கு என்ன சமையல்? ஒரு பிடி அரிசி போட்டால் உலை கொதிக்கிற சத்தம்கூடக் கேட்காது. இது அவள் படிப்பைப் பற்றிய பட்டியலில் வரக்கூடாத வரி. அடிக்கவில்லை. இருக்கட்டும்.


20-12, வெள்ளி

மதுரைப் பள்ளியிலிருந்து கார்டு. இடம் உண்டு. பொங்கலுக்குள் பதில் எழுத வேண்டும். கணக்கில் முதல் வரிசையாம்.

பெரியவரிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "ஒன் தம்பிக்கு எழுதுனா ஒன் இஷ்டம்பான். எங்கிட்டக் கேட்டா நானும் அதையேதான் சொல்லுவேன்." அவருடைய தம்பியை, என் வீட்டுக்காரரை, வாய் தவறி என் தம்பி ஆக்கிவிட்டார். புருஷனே தம்பியா என்று ஆச்சி சிரிக்க ஆரம்பித்துவிட்டார். பெரியவர் சங்கடப்பட்டு மாடிக்குப் போய்விட்டார்.

சிரித்து முடித்து ஆச்சி பக்கத்தில் உட்கார்ந்தார். கூடையில் இருந்த மொச்சையை இரண்டு பேரும் உரித்தோம்.

"அனுப்பப் போறியா?"

"தெரியலை ஆச்சி. அவளே இங்கதான்னு சொல்லுறா."

"அவ சொல்லுவா. நீ என்ன சொல்லுற?"

"நீங்க வேணாம்னுதானே அன்னைக்குச் சொன்னீக. கேட்டுச்சு."

"கேக்கணும்னுதான் சொன்னேன். எம் மகளைப் பதினாறுல கட்டிக் குடுத்தேன். தேவகோட்டை. கூப்புடு தூரம். போனதுலேருந்து அவ அறையில படுக்குறதே இல்லை நான், தெரியுமா? அவளாச்சும் புருசன் வீட்டுக்குப் போனா. ஊரு உலகமெல்லாம் போறதுதான்னு மனசத் தேத்திக்கிட்டேன். நீ இதை எதைச் சொல்லித் தேத்துவ? ஒனக்காகத்தான் சொன்னேன்டி, அவளுக்காக இல்லை."

ஒரு மொச்சை தெறித்துக் கட்டிலுக்கடியில் போயிற்று. அதைத் தேடுகிற சாக்கில் நான் குனிந்துகொண்டேன்.

இரவுக்குள் ஒரு முடிவுக்கு வந்த மாதிரி இருந்தது. இங்கேயே. குழந்தையே கேட்கிறாள், ஆச்சியும் எனக்காகச் சொல்கிறார், உள்ளூர்த் தலைமை ஆசிரியை வேலைக்குக் கூப்பிடுகிறார். எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்கின்றன. நிம்மதி. நிம்மதி என்று எழுதிப் பார்த்தேன். நிம்மதிதான்.


25-12, புதன்

நோன்பு.

காலையிலிருந்து வேலை. ஐந்து வகைப் பொரி, எள்ளுருண்டை, பணியாரம். கருப்பட்டி இந்த வருஷம் நன்றாக வாய்த்தது. ஆவாரம்பூ கருப்பாயி கொண்டுவந்தது. மதுரையில் இன்று அவர்களுக்குக் கிறிஸ்துமஸ், பள்ளி பூட்டியிருக்கும்.

சாயங்காலம் பெரியவர் குளித்து, பிள்ளையார் முன் உட்கார்ந்தார். ரேடியோவை அதுவரை அணைக்கவில்லை. மூன்று பேர் சந்திரனைச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருக்கிறார்களாம். இரண்டு நாளாக உமைக்கு வேறு பேச்சில்லை.

இனிப்பு மாவில் ஒரு பிடி, அதன் தலையில் நெய்யில் நனைத்த திரி, இத்தனை நாள் உமை உருவிய இழை. பற்றவைத்து ஒவ்வொருவர் கையிலும் பெரியவர் தருவார். எரிகிற சுடரோடு அப்படியே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும்; அதுதான் இழை எடுத்துக்கொள்வது. சின்னப் பிள்ளைகள் பயப்படுவார்கள், பெரியவர்களும் பயப்படுவோம், காட்டிக்கொள்வதில்லை.

வரிசைக்குக் காத்திருந்தபோது உமை, ஆச்சியிடம்: "பெரியாத்தா, நெலாவுக்குப் போனவுகளுக்கு யாரு இழை எடுத்துக்குவா?"

"அவுக என்ன நம்மாளுகளா? வெள்ளைக்காரவுக."

"நம்மாளுகன்னு வச்சுக்கயேன்."

"அப்ப அவுக ஆத்தா எடுத்துக்குவா. சேத்து ரெண்டா."

"ரெண்டு எடுக்கலாமா?"

"வயித்துல புள்ளை இருந்தா ரெண்டு எடுக்கணும். நீ வயித்துல இருக்கயில ஒங்காத்தா எடுத்தா. எத்தனையோ வருசம் காத்துக் கெடந்து தங்குன புள்ளையாச்சே, கை நடுங்குது. ரெண்டாவது இழையில உதட்டைச் சுட்டுக்கிட்டு ஒரு வாரம் மோருஞ்சோறுந்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். உமை சிரிக்கவில்லை. மெதுவாகக் கேட்டாள்: "வயித்துல இல்லாம, ஊருல இல்லாம இருந்தா?"

"யாரு?"

"யாரும் இல்லை. சும்மாதான் கேட்டேன்."

"சும்மா கேக்குற வாயைத் தொற, சுடர் அணையப் போகுது" என்றார் பெரியவர். உமை கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள். சுடர் உள்ளே போய் அணைந்தது. கன்னம் ஒரு நொடி சிவப்பாகத் தெரிந்த மாதிரி இருந்தது. பிரமைதான்.

அடுத்து நான். ஒன்றுதான் எடுத்தேன்.

பி.ஏ. இரண்டாம் வருஷம், பரீட்சை நெருங்கி நோன்புக்கு நான் ஊருக்கு வரவில்லை. பொங்கலுக்கு வந்தபோது என் ஆத்தா உதட்டில் ஒரு வடு இருந்தது. என்ன என்றேன். "ஒனக்கும் சேத்து எடுத்தேன். திரும்ப வயித்துல இருக்குறதா நெனச்சுக்கிட்டேன். சுட்டுருச்சு" என்றாள். அப்போது எனக்கு வெட்கமாக இருந்தது, சினேகிதிகளிடம் சொல்லவில்லை. இத்தனை வருஷம் நினைக்கவும் இல்லை.

சும்மா கேட்டேன் என்றாள். உமை சும்மா கேட்கிறவள் இல்லை.


27-12, வெள்ளி

பனி. எட்டு மணிக்கும் வளவில் வெளிச்சம் சரியாக விழவில்லை. தலைவலி. மிஞ்சிய பணியாரம் பங்கு பங்காகப் பிரித்துக் கருப்பாயிக்கும் பக்கத்து வீட்டுக்கும்.

உமை பக்கத்து வீட்டுக்குப் பல்லாங்குழி ஆடப் போனபின், அவள் சட்டையில் பட்டன் தைக்க பிஸ்கட் டின்னைத் திறந்தேன். தையல் சாமான் வைக்கிற டின்.

உள்ளே, கோடி வேட்டியில் இழை உருவி மிஞ்சிய ஓரத் துண்டு, மடித்து வைத்திருந்தது. பிரித்தேன். ஊசிகள். வரிசையாகக் குத்தியிருந்தன, எல்லாவற்றிலும் நூல் கோத்து. வெள்ளை நிறைய. கறுப்பு. ரவிக்கைக்குச் சிவப்பும் பச்சையும். ஒவ்வொரு நூலும் முழ நீளத்துக்கு மேல், சிக்காமல் இருக்க ஊசியைச் சுற்றி எட்டு மாதிரிச் சுற்றி. போர்வைக்குத் தைக்கிற தடி ஊசி ஒன்று, அதிலும்.

எங்கள் வீட்டில் இத்தனை ஊசி கிடையாது. கருப்பாயியைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"பாப்பாதான் சந்தையில வாங்கியாரச் சொல்லுச்சு. ஆச்சிட்டச் சொல்லக்கூடாதுன்னுச்சு. ஏன் ஆச்சி, வையப் போறீகளா?"

"இல்லை. எப்பச் சொன்னா?"

"கார்டு வந்துச்சுல்ல, அதுக்கு மறுநா. 'இத்தனை போதுமா, லீவு வரைக்கும் வருமா'ன்னு எங்கிட்டக் கேட்டுச்சு. என்ன லீவு, எது வரைக்கும்னு எனக்கு என்ன தெரியும்? வரும் பாப்பான்னேன்."

கருப்பாயி போய்விட்டது. நான் டின்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வாயால் கிணறு என்று சொல்லிக்கொண்டு, கையால் இதைச் செய்திருக்கிறாள். நான் கேட்காமல் விட்டதையெல்லாம் அவள் யோசித்திருக்கிறாள். அவள் போனால் எனக்கு என்ன குறையும் என்று பார்த்து, அதற்கு மட்டும் ஏற்பாடு பண்ணிவிட்டால் போதும் என்று நினைத்திருக்கிறாள். பத்து வயதுக்கு என் தனிமை ஓர் ஊசிக் கண் அளவுக்குத் தெரிந்திருக்கிறது. அதை நூல் போட்டு அடைத்துவிட்டாள்.

சிஸ்டர் சொன்னதில் பின்பாதியைத்தான் இத்தனை நாளும் நினைத்து நினைத்து உருகிக்கொண்டிருந்தேன். முன்பாதி 'தங்குவேன்.' அதுதான் அவள் முதலில் சொன்னது.

துண்டை அவள் மடித்த மாதிரியே மடித்து வைத்தேன். இரண்டாம் தடவை மடித்தபோது ஓரம் சரியாக வந்தது. பட்டன் தைக்கவில்லை. அவள் கோத்த ஊசியில் ஒன்றை எடுத்தால் தெரிந்துவிடும், எண்ணி வைத்திருப்பாள்.

உமை வந்தாள். நிறையச் சோழி ஜெயித்தாளாம். "பட்டன் தச்சிட்டியா ஆத்தா?"

"கண்ணு தெரியலைடி. நாளைக்குப் பாத்துக்குவோம்."

"குடு, நான் கோத்துத் தாரேன்" என்று டின்னை நோக்கிப் போனவள், சட்டென்று நின்று, "இரு, இரு, டின்னை நீ தொறக்காத, நானே எடுக்குறேன்" என்று அதைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் ஓடினாள். ஒரு ஊசி, வெள்ளை நூலோடு வந்தது. தைத்தேன்.

யாரிடமும் சொல்லவில்லை. இங்கே மட்டும்:

திங்கட்கிழமை கண் டாக்டர், கண்ணாடி. ஆச்சியிடம் தலைவலிக்கு என்று சொல்லிக்கொள்கிறேன், பொய்யும் இல்லை. கண்ணாடி வந்தால் பிள்ளைகளின் பரீட்சைத் தாளும் திருத்தலாம், வேலைக்கு வருகிறேன் என்று உள்ளூர்த் தலைமை ஆசிரியையிடம் பிறகு சொல்லலாம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உமைக்கு எதிரே உட்கார்ந்து, வெறும் ஊசி ஒன்றை எடுத்து, அவள் பார்க்க நானே கோக்க வேண்டும். ஒரே தடவையில். அதற்கப்புறம்தான் அவளிடம் சொல்வது. முந்திச் சொன்னால் வேண்டாம் என்பாள், கிணறு என்பாள்.

மதுரை. அடுத்த நோன்புக்கு அவளுக்கு லீவு விட்டால் சரி. விடாவிட்டால் நான் இரண்டு எடுத்துக்கொள்கிறேன்.